ஹரால்டு வெல்டே

ஹரால்டு வெல்டே ஜெர்மானிய மென்பொருளாளர். லினக்ஸ் கெர்னலில் தீச்சுவராக இயங்கும் நெட்ஃபில்டர்/ஐபிடேபிள்ஸ் திட்டத்தின் மையக் குழுவில் இருந்தவர். கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தை நீதிமன்றப் படியேற்றி வென்றவர் என்பதே அவருடைய பெரும் பங்களிப்பு.

ஜிபிஎல் நிரலை எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். காப்பிலெஃப்ட் எனப்படும் இந்த நிபந்தனையை, லினக்ஸை உள்ளே வைத்து வீட்டு ரவுட்டர் விற்ற நிறுவனங்கள் பல கண்டுகொள்ளவில்லை. 2004இல் வெல்டே ‘ஜிபிஎல்-வயலேஷன்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார்.

வேலை கடையில் தொடங்கும். சந்தேகத்துக்குரிய கருவியை வாங்கி, அதனுள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பிரித்துத் தேடினால், லினக்ஸ் நிரலாளர்கள் எழுதிவைத்த பிழைச் செய்திகள் எழுத்துப் பிசகாமல் அகப்படும். அப்படி அகப்பட்டதில் தாம் எழுதிய நிரலும் இருந்ததால், பதிப்புரிமையாளர் என்ற முறையில் வெல்டே நேரடியாக வழக்குத் தொடுக்க முடிந்தது.

2004 ஏப்ரலில் மியூனிக் நீதிமன்றம், ஜிபிஎல்லை மீறிய சைட்காம் நிறுவனத்துக்கு இடைக்காலத் தடை விதித்து, மே மாதம் அதை உறுதிசெய்தது. நிபந்தனையை மீறியவருக்கு நிரலை வினியோகிக்கும் உரிமையே இல்லாமல் போகிறது என்பது தீர்ப்பின் சாரம். 2005இல் ஹனோவரில் நடந்த செபிட் கணினிக் கண்காட்சிக்கே போய், 13 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்களைக் கொடுத்தார் வெல்டே. 2006இல் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம், கருவி வாங்கிய செலவையும் ஆய்வு, வழக்கறிஞர் செலவுகளையும் டி-லிங்க் நிறுவனம் அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்றது. பெரும்பாலான விவகாரங்கள் வழக்குக்குப் போகாமலே முடிந்தன. சிலவற்றில் நிறுவனங்கள் பொதுநல அமைப்புகளுக்கு நன்கொடை அளித்தன. அவர் கேட்டது மூல நிரலை. தனக்கான ஆதாயத்தை அல்ல. காப்பிலெஃப்ட் வழக்குகளுக்கு நன்மதிப்பு சேர்த்தது இந்த நேர்மைதான்.

2007ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் மேம்பாட்டு விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அவருக்கு வழங்கியது. ஓப்பன்மோகோ கைபேசியிலும், செல்பேசி வலைப்பின்னலுக்கான ஆஸ்மோகாம் திட்டத்திலும் பணியாற்றினார்.

பயனருக்கு மிக நெருக்கமான வழக்கு 2011இல் பெர்லினில் நடந்தது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டரைச் செய்யும் ஏவிஎம், அதன் ஃபர்ம்வேரை மாற்றியமைக்கும் குழந்தைப் பாதுகாப்பு மென்பொருளை விற்ற சைபிட்ஸ் நிறுவனத்தைத் தடுக்க முயன்றது. வெல்டே தாமாகவே வழக்கில் இணைந்து, ஏவிஎம்மின் கோரிக்கையை எதிர்த்தார். ஃபர்ம்வேரில் உள்ள ஜிபிஎல் பகுதிகளைப் பிறர் மாற்றுவதைத் தயாரிப்பாளர் தடைசெய்ய முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.