சந்தையும் இல்லமும்

நாரணாபுரத்தை அடுத்த சிவகாசியில் நாடாரும் மறவரும் சந்தையில் நாள்தோறும் கண்டு பழகியோரே. ஆயினும், விசுவநாதசுவாமி ஆலயத்துள் நுழையும் உரிமையை நாடார் கோரியமையால் மூண்ட பகை, 1899 ஜூன் 6 அன்று வீடுகளை எரித்து உயிர்களையும் பலிகொண்டது. கொடுக்கல் வாங்கல் மட்டும் நம்பிக்கையை வளர்ப்பதில்லை. சமநிலையில் நிகழும் பழக்கமே வெறுப்பைத் தணிக்கும் என்பது உளவியலார் ஆல்போர்ட் 1954இல் கண்ட துணிபு. கல்லறைத் தோட்டத்தையும் சாதிவாரியாகப் பிரித்த நம் சபைகள் சில இதனை அறியாதனவல்ல.

மதுரையில் வேறொரு வழி தோன்றிற்று. அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மாணவரைத் தம் இல்லத்திலேயே வரவேற்றார். கக்கன் அங்குப் பிள்ளைபோல் பழகினார். 1939 ஜூலை 8 அன்று அவ்விருவரும், விருதுநகர் நாடார் ஒருவரும், வேறு சிலரும் மீனாட்சியம்மன் ஆலயத்துள் ஒன்றாக நுழைந்தனர். 1955இல் ஐயர் மறைந்தபோது, பெற்ற புதல்வருடன் கக்கனும் இறுதிக்கடன் செய்தார்.