சோபா தோல் உரியுதா? எண்ணெய் தடவுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கல்யாணச் சீராகவோ, புது வீட்டுக்கு என்றோ ஆசையாக வாங்கிய 'லெதர்' சோபா, மூணு நாலு வருஷத்தில் செதில் செதிலாக உரிந்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். உடனே தேங்காய் எண்ணெய், பாலிஷ், கலர் ஸ்பிரே என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்போம். ஆனால் உரிவது உண்மையான தோலே இல்லை என்றால், அந்தச் செலவு அத்தனையும் வீண்.

எலவனாசூர்கோட்டை, கள்ளக்குறிச்சி பக்கம் கோடையில் வெயில் கொளுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் வீட்டுக்குள்ளேயே நிற்கும். சோபாவுக்கு இரண்டுமே ஆகாது.

உங்க சோபா எந்த ரகம்?

மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து, உள்பக்க ஓரத்தைப் பாருங்கள்.

* உண்மைத் தோல்: வெட்டிய ஓரம் நார் நாராக, பஞ்சு போல இருக்கும்.
* ரெக்ஸின், 'பியு லெதர்': அடியில் துணி தெரியும். மேலே பிளாஸ்டிக் பூச்சு மட்டுமே.
* 'பாண்டட் லெதர்': தோல் கழிவை அரைத்து, பசை சேர்த்துத் தகடாக்கி, மேலே பூச்சு போட்டது. பெயரில் மட்டும்தான் லெதர்.

தண்ணீர் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையை நம்பாதீங்க. வண்ணப் பூச்சு கொடுத்த நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது.

தோல் ஏன் உழைக்கிறது?

பச்சைத் தோல் அழுகிவிடும். பதனிட்ட தோல் அழுகாது. கல்வராயன் மலையில் மலைவாழ் மக்கள் சேகரிக்கும் கடுக்காயும், காட்டு மேட்டில் வளரும் ஆவாரையின் பட்டையும் தமிழ்நாட்டில் காலங்காலமாகத் தோல் பதனிடப் பயன்பட்டவை. அவற்றின் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்து அதை உறுதியாக்கும். இன்றைய சோபா தோலில் பெரும்பாலும் குரோமிய உப்பு அந்த வேலையைச் செய்கிறது.

நார் உறுதியாக இருப்பதால், மேல் பூச்சு போனாலும் தோலைச் சரிசெய்ய முடியும். பியு அப்படி இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சே சிதையும். உட்காராமல் மூடி வைத்தாலும் உரியும். பிவிசி ரெக்ஸினில் இளக்கம் தரும் பொருள் நாளடைவில் வெளியேற, அது விறைத்து வெடிக்கும்.

தினசரி பராமரிப்பு

* வாரம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் தூசி துடைத்தால் போதும். அழுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி.
* தலை சாயும் இடத்தில் ஒரு துண்டு போடுங்க. தலை எண்ணெயும் வியர்வையும்தான் அந்த இடத்தை முதலில் கெடுக்கும்.
* ஜன்னல் வெயில் நேராகப் படாமல் தள்ளிப் போடுங்க.
* காபி கொட்டினால் தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுங்க.
* தோலாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெதர் கண்டிஷனர். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள்.
* மழைக்காலத்தில் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீங்க. பூஞ்சணம் பிடித்தால் வெளியே நிழலில் வைத்துத் துடைத்து, காற்றாட உலர விடுங்க.

தேங்காய் எண்ணெய், துணி சோப்புத் தூள், பிளீச்சிங், தின்னர் எதுவும் வேண்டாம். எண்ணெய் முதல் நாள் பளபளக்கும். பிறகு தூசியை இழுத்துப் பிசுபிசுக்கும்.

எதைச் சரிசெய்யலாம்?

தையல் விட்டுப் போயிருந்தால் எந்த ரகமானாலும் குஷன் கடையில் தைத்துவிடலாம். உண்மைத் தோலில் சின்னக் கிழிசல் என்றால், அடியில் துணி ஒட்டு வைத்து, வளையும் தன்மையுள்ள பசையால் ஒட்டி, மேலே நிறம் கொடுப்பார்கள். நொடியில் ஒட்டும் பசை மட்டும் வேண்டாம். காய்ந்ததும் கல்லாகி, பக்கத்திலேயே மறுபடி கிழியும். நிறம் வெளுத்த தோலுக்குப் புது வண்ணம் ஏற்றலாம்.

பியு, பாண்டட் லெதர் உரிய ஆரம்பித்தால் திரும்பாது. மரச்சட்டமும் ஸ்பாஞ்சும் நன்றாக இருந்தால் மேலுறையை மட்டும் மாற்றுங்கள். எந்தத் துணி, மீட்டர் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கும்போதே உஷார்

'லெதர் ஃபினிஷ்', 'லெதரெட்' என்றால் தோல் இல்லை. எந்த ரகம், எத்தனை வருட வாரன்டி என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தோல் என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கே பேசப்போவது அந்த பில்தான். பத்திரமா வையுங்க!