அலரி வந்த வழி
கட்டுமாவடியில் எங்கள் தோப்பு வேலியோரம் நிற்கும் ஈழத்தலரி, தையில் இலையுதிர்த்து மொட்டையாகிவிடும். வெயில் ஏறினால் இலைக்கு முன்பே பூ வரும். கோயில்களில் பார்த்துப் பழகியதால் நம்மூர் மரம் என்றே நினைக்கிறோம். பிறப்பிடம் என்னவோ மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கரீபியத் தீவுகளில் செடிகளை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி சார்ல்ஸ் புளூமியே 1704-ல் மறைந்தார். 1753-ல் வெளிவந்த தாவரவியலாளர் லின்னேயஸின் நூலில் புளூமியேயின் பெயரோடுதான் இந்த மரம் பதிவானது.

கடல் கடந்ததில் வியப்பில்லை. வெட்டிய கிளை நீரின்றியே வாரக்கணக்கில் உயிர் பிடித்திருக்கும். பால் சொட்டும் வெட்டுவாயை நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் அப்பா மணலில் ஊன்றுவார். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். பூ அந்தியில் மணம் தூக்கும், தேன் மட்டும் கிடையாது. அந்துப்பூச்சிகளை ஏமாற்றும் கெட்டிக்காரப் பூ! 2018 கஜா புயலில் தென்னைகள் சாய்ந்தன. ஒடிந்த அலரிக் கிளைகளையோ திரும்ப நட்டுவிட்டோம்.

நீங்கள் வைப்பதானால் தோப்பின் வெயில்படும் ஓரத்தில் வையுங்கள். அடர்நிழலில் சரியாகப் பூக்காது.