தொப்பிக் கட்டை

தொப்பிக் கட்டை என்பது ஃபெல்ட் தொப்பிக்கு உருவம் தரும் மர அச்சு. நீராவியில் இளக்கிய ஃபெல்ட்டைக் கட்டைமேல் இழுத்து, அடியில் கயிறு சுற்றி இறுக்கிக் காயவிட்டால் கட்டையின் வளைவுகள் அப்படியே தொப்பியில் பதிந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் புழுக்கத்துக்கு ஃபெல்ட் ஒவ்வாத உடுப்பு. இந்தப் பகுதியின் தலைகளில் ஏறிய நெட்டித் தொப்பியும் மலாய்க்காரர்களின் சொங்கோக் தொப்பியும்தான் கட்டையின் கதையை இங்கே கொண்டுவருகின்றன.

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. ஆடு, முயல் முதலியவற்றின் மயிரில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சைபீரியாவின் பசிரிக் கல்லறைகளில் ஃபெல்ட் பொருள்களைப் புதைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் முயல் மயிரைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட் பயன்பட்டது. தொப்பிக்காரர்களுக்குக் கைநடுக்கமும் மனக்குழப்பமும் வந்தது அதனால்தான். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் அது 1941-இல்தான் கைவிடப்பட்டது. நோய் அறியப்பட்டு வெகுகாலம் கழித்து.

கட்டை செய்பவர் தொப்பிக்காரரல்லர், தச்சர். லைம், பாப்லர், ஆல்டர் போன்ற மென்மையான, நெருக்கமான நார் கொண்ட மரங்களையே அவர் தேடினார். காரணம் எளிது: கட்டையில் ஊசி குத்த வேண்டும், பிடுங்க வேண்டும், நூறாவது தடவை நீராவி பட்டாலும் மரம் வெடிக்கக் கூடாது. நன்றாக உலர்ந்த பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, வாளால் முரட்டுருவம் அறுத்து, உளியாலும் அரத்தாலும் வளைவு தேய்த்து, உப்புத்தாளால் மெருகேற்றுவார்கள். தலை வட்டமல்ல, நீள்வட்டம். அதனால் சாதாரணக் கடைசல் எந்திரம் இங்கே உதவாது. மாதிரியைப் பின்பற்றி ஒழுங்கற்ற உருவங்களைக் கடையும் எந்திரத்தைத் தாமஸ் பிளாஞ்சர்ட் 1819-இல் துப்பாக்கிக் கட்டைக்காக உருவாக்கினார். பின்னாளில் காலணி அச்சும் தொப்பிக் கட்டையும் அந்த வழியில் வந்தன. 57 செ.மீ. சுற்றளவுக் கட்டையைப் பிரிட்டிஷார் ‘7’ என்பர், அமெரிக்கர் ‘7 1/8’ என்பர். மேலே அகன்று கீழே குறுகும் தொப்பிக்கு ஒரே துண்டான கட்டை உதவாது, மாட்டினால் கழற்ற முடியாது. அதனால் அதை ஐந்து துண்டாகச் செய்வார்கள். நடுத்துண்டை முதலில் உருவினால் மற்றவை தளர்ந்து வெளியே வரும். இந்தத் தொழிலின் உண்மையான புத்திசாலித்தனம் அதில்தான் இருக்கிறது. தொழிற்சாலைகள் பின்னர் அலுமினிய அச்சுக்கு மாறின. அதில் ஊசி குத்த முடியாது என்பதால் கைத்தொழிலாளர் மரத்தைக் கைவிடவில்லை.

மலாயாத் தோட்டத் துரைமார் அகன்ற விளிம்புள்ள தெராய் ஃபெல்ட் தொப்பியும் போட்டார்கள். ஆனால் வெயிலுக்கு அவர்கள் பெரிதும் நம்பியது நெட்டித் தொப்பியையே. தண்ணீரில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான உட்சோற்றைத் தாளாகச் சீவி, மர அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காக்கித் துணி போர்த்துவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நாம் அறிந்ததே. அதே நெட்டியின் இனம்தான் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் துரையின் தலைக்கு நிழல் தந்தது. ரப்பர் வெட்டிய தமிழருக்கு வாய்த்ததோ தலைப்பாகை.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் இன்றும் சொங்கோக் விற்கிறது. நோன்புப் பெருநாள் நெருங்கினால் நெரிசல் சொல்லி மாளாது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் சொங்கோக் தைப்பதைத் தமிழ் முஸ்லிம்கள் கைத்தொழிலாகவே வைத்திருந்தார்கள். துருக்கியின் ஃபெஸ் தொப்பியை இதன் உறவாகச் சொல்வார்கள். அது ஃபெல்ட், சூடான அச்சில் அழுத்தி உருவாக்குவது. 1925-இல் துருக்கி அதைச் சட்டம் போட்டே தடைசெய்தது. சொங்கோக்குக்கு நீராவி வேண்டாம். வெல்வெட்டையும் உட்துணியையும் விறைப்புக்கான காகிதத்தையும் சேர்த்துத் தைப்பதே உருவம். கட்டைக்கு இங்கே சிறிய வேலைதான்: தைத்ததை மாட்டி நீள்வட்டம் சரிதானா என்று பார்ப்பதும், வடிவம் குலையாமல் வைப்பதும்.

கட்டைக்கான மரம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. ஜெலுத்தோங் மரம் நேரான நாரும் மென்மையும் உடையது. பென்சிலுக்கும் வார்ப்பு மாதிரிகளுக்கும் உலகெங்கும் விரும்பப்படுவது. ஒருகாலத்தில் அதன் பால் சூயிங்கம்முக்கும் போனது. சொங்கோக் வாங்குபவர் தலைச்சுற்றளவும் உயரமும் அங்குலத்தில் தனித்தனியாகக் கேட்பார். பக்கச்சுவர் நேராகவும் மேல்தளம் தட்டையாகவும் இருப்பதால், சற்று உயரமான கட்டை ஒன்று இருந்தால் ஒரே சுற்றளவில் 4 அங்குலமும் 5 அங்குலமும் அதிலேயே சரிபார்த்துவிடலாம்.