சீனத்தில் 'பழைய' நண்பருக்கு ஒரு சொல், 'பழைய' செல்போனுக்கு வேறு சொல்: என்ன வித்தியாசம்?

2023 ஜூலையில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சர் பெய்ஜிங் போனபோது அவருக்கு வயது 100. அவரைச் சந்தித்த அதிபர் ஷி ஜின்பிங் சொன்ன வார்த்தை 'லாவ் பெங்யோ'. தமிழில் 'பழைய நண்பர்'. 1971-ல் ரகசியமாக சீனா போய், இரு நாட்டு உறவுக்கு வழி திறந்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

'பழைய' என்பதற்கு சீனத்தில் 'ஜியூ' என்று இன்னொரு சொல்லும் உண்டு. சீனம் கற்கத் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எதை எங்கே சொல்வது?

எதிர்ச்சொல்லைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஜியூவுக்கு எதிர்ச்சொல் 'புதிய'. பயன்படுத்தித் தேய்ந்தது, அல்லது வேறொன்று வந்ததால் பின்னுக்குப் போனது. போன வருஷம் வாங்கிய செல்போன்தான் என்றாலும், இந்த வருஷம் புதுசு வாங்கிவிட்டால் அது ஜியூ.

லாவுக்கு எதிரே நிற்பது இளமை. வயது ஏறியிருக்கிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. அதனால் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்ல லாவ் மட்டும்தான் வரும். காய்கறிக்கும் லாவ் உண்டு. நாம் 'முத்தல் வெண்டைக்காய்' என்கிறோமே, அதே அர்த்தம்.

வீட்டுக்கு இரண்டும் பொருந்தும். லாவ் வீடு என்றால் கட்டிப் பல காலம் ஆகியிருக்கும், பளிச்சென்றும் இருக்கலாம். ஜியூ வீடு என்றால் வெள்ளையடித்தே நாளாச்சு போல என்று தோன்றும். காதலி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை: ஜியூ சேர்த்தால் அவர் முன்னாள் காதலி.

ஆசிரியர் 'லாவ்ஷி', புலி 'லாவ்ஹு'. இதிலெல்லாம் வயதுக் கணக்கு வேண்டாம். 22 வயது டீச்சரும் லாவ்ஷிதான்.

பெயர்ப் பலகையை இறக்கிய சொல்

1966-ல் மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் ஒழிக்கச் சொன்னவற்றின் பெயர் 'ஸி ஜியூ', அதாவது நான்கு பழசுகள்: பழைய சிந்தனை, பண்பாடு, வழக்கம், பழக்கம். செங்காவலர்கள் கோயில்களை உடைத்தார்கள், புத்தகங்களை எரித்தார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த கடைகளின் பெயர்ப் பலகைகளும் தப்பவில்லை.

அதே மாதிரி கடைகளுக்கு இப்போது சீன வணிக அமைச்சகமே பட்டம் தருகிறது. அதில் இருப்பது ஜியூ இல்லை: 'லாவ்ஸிஹாவ்'. 1669-ல் தொடங்கிய தொங்ரென்தாங் மருந்துக்கடை, 1864-ல் தொடங்கிய சுவான்ஜுதே வாத்து ரோஸ்ட் கடை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

அதற்காக எல்லா ஜியூவும் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் சீனத் தொழிலாளர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்கள் போய் இறங்கிய சான் பிரான்சிஸ்கோ 'ஜின்ஷான்', தங்கமலை ஆனது. 1851-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தங்கம் கிடைக்க, மெல்போர்ன் 'புதிய தங்கமலை' ஆனது. உடனே சான் பிரான்சிஸ்கோவுக்கு முன்னால் ஒரு ஜியூ ஒட்டிக்கொண்டது. சீனச் செய்திகளில் அந்த நகரம் இன்றைக்கும் 'ஜியூ ஜின்ஷான்'தான்.