கடாரப் படையெடுப்பு: மெய்க்கீர்த்தி மறைத்தது என்ன?

ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. அதன் ஆயிரமாவது ஆண்டை 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு விழாவாகவே கொண்டாடினார்கள். வெற்றியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நாம் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் பார்ப்போம், தோழர்களே.

சுமத்ராவையும் மலாய்க் கரையையும் ஆண்ட ஸ்ரீவிஜயம் சோழர்களின் நட்பு நாடு. 1006 வாக்கில் அதன் அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்குக் கொடுத்தார். தந்தை இறந்தபின் அந்தக் கொடையை நிலைப்படுத்தியவரே ராஜேந்திரன்தான். லெய்டன் செப்பேடு இதைச் சொல்கிறது. 1019 வாக்கில்கூட கடாரத்து அரசரின் பிரதிநிதி நாகை காரோணர் கோயிலுக்குச் சீனப் பொன் அளித்திருக்கிறார். அடுத்த ஆறு ஆண்டுகளில் போர்!

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள மெய்க்கீர்த்தி, கடலில் பல கப்பல்களைச் செலுத்தி அரசர் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததைச் சொல்கிறது. பிறகு வென்ற ஊர்களை அடுக்குகிறது. பட்டியல் ஸ்ரீவிஜயத்தில் தொடங்கி கடாரத்தில் முடிகிறது. நம் கரையிலிருந்து போனால் கடாரம்தான் அருகில். அதைத் தாண்டிப் போய், எதிர்பாராத நேரத்தில் தலைநகரை அடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுவது இந்த வரிசையை வைத்துத்தான். கடல் வணிகப் பாதைக்கான போட்டியே காரணம் என்பது பலரின் கணிப்பு. மெய்க்கீர்த்தியோ காரணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திடீர்த் தாக்குதலுக்கு ரகசியம் வேண்டும். நேற்றுவரை நீடித்த நட்பைவிட நல்ல மறைப்பு வேறென்ன? ஆனால் மரம் அறுக்கவும், கப்பல் கட்டவும், நெல் ஏற்றவும், துடுப்புப் போடவும் ஏராளமான கைகள் வேண்டும். அந்தக் கைகளைப் பற்றி மெய்க்கீர்த்தியில் ஒரு சொல் கிடையாது. அதே பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. நிலக்கணக்கில், வரி நீக்கிய இடங்களாக மட்டும். சேரி கணக்கில் உண்டு, சேரி மனிதருக்குப் பெயரில்லை.

எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அதே நாகப்பட்டினத்திலிருந்து டெல்டாவின் நிலமற்ற மக்கள் மலேயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் போன இடங்களில் பழைய கடாரமான கெடாவும் ஒன்று. ஆசை வார்த்தை சொல்லித்தான் ஆள் பிடித்தார்கள். அங்கே காத்திருந்த நிலைமையைச் சொல்லவில்லை.

இன்று கடாரம் வென்ற பெருமைக்குச் சாதிக்கொரு பேனர் வைக்கிறார்கள். அதில் நமக்கும் பங்கு கேட்டு இன்னொரு பேனர் வைப்பதல்ல நம் வேலை. கல்வெட்டை நாமே படிப்போம். யாரிடம் எதை மறைத்து இந்த வெற்றி வந்தது, யாருடைய உழைப்பில் வந்தது என்று கேட்போம்.