கரிகாலனைக் கொன்றது யார்? நாவலும் கல்வெட்டும் நத்தம் கணவாயும்

நத்தத்தில் புத்தகம் வாசிக்கும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவதுண்டு. எங்கு தொடங்கினாலும் பேச்சு ஒரு கட்டத்தில் 'பொன்னியின் செல்வ'னை வந்தடையும். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் இரு பாகங்களாக வெளிவந்த நாட்களில் அந்த விவாதம் உச்சத்தை எட்டியது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது நந்தினியா, ரவிதாஸனா, பெரிய பழுவேட்டரையரா? அன்று ஒரு நண்பர் சற்று உரத்த குரலில் சொன்னார்: "இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ரவிதாஸனின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆகவே கல்கி எழுதியது வரலாறுதான்."

அந்த 'ஆகவே' என்ற சொல்லே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஒரு பெயர் உண்மையாக இருப்பதால் ஒரு கதை உண்மையாகிவிடுமா?

முதலில் கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரம் என்னும் சிவாலயம் உள்ளது. அதன் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசன் பட்டமேறியது 985இல். அப்படியானால் அந்த இரண்டாம் ஆண்டு கி.பி. 986 அல்லது 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஓலையை அது பதிவு செய்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரை அது பெயரிட்டுச் சொல்கிறது. சோமன், அவன் உடன்பிறந்தவனான ரவிதாஸன் என்கிற பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரன் என்கிற இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோர் அவர்கள். இவர்களுடைய உடைமைகளை விற்க வேண்டும் என்பதே ஆணை. கல்வெட்டு எழுந்ததும் கொலையைச் சொல்வதற்காக அல்ல. அந்த நிலத்தை ஒருவர் விலைகொடுத்து வாங்கி அறத்துக்கு வைத்தார். அக்கொடையின் பத்திரம் என்ற அளவில்தான் கொலைச் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிரமாதிராஜன் என்பது சோழ அரசு பிராமண அதிகாரிகளுக்கு அளித்த உயர்ந்த பட்டம். கல்வெட்டு காட்டும் ரவிதாஸன் காடுகளில் ஆந்தைபோல் அலறித் திரியும் மந்திரவாதி அல்லன். அரசின் பட்டம் பெற்றவன். 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலால், இவர்களுக்குப் பாண்டிய நாட்டோடு ஏதோ தொடர்பு இருந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு. அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் கல்கி தம் பாண்டிய ஆபத்துதவிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். நந்தினி முழுக்க அவருடைய கற்பனை. கொலை கடம்பூர் மாளிகையில் நடந்தது என்பதற்கும் சான்று கிடையாது.

நாவலாசிரியர் வருவதற்கு முன்பே இந்தக் கொலை வரலாற்றாசிரியர்களைப் பிரித்திருந்தது என்பது பலர் மறந்துவிடும் செய்தி. கரிகாலன் இறந்தது ஏறத்தாழ 970ஐ ஒட்டி. அதன்பின் ஆண்டவன் உத்தம சோழன். அவனுடைய பதினைந்து ஆண்டுக்கால ஆட்சியில் குற்றவாளிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இராசராசன் வந்த பிறகே எடுக்கப்பட்டிருக்கிறது. எனவே உத்தமனுக்கு இச்சதியில் பங்கிருக்க வேண்டும் என்று ஐயுற்றார் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தமன் கொலைகாரனாக இருந்திருந்தால் அவன் மகனான மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு இராசராசன் தன் ஆட்சியில் உயர்ந்த பொறுப்பு அளித்திருப்பானா என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடோ, மக்கள் விரும்பி அழைத்தும், சிற்றப்பன் அரசாள விரும்பும்வரை தான் ஆட்சியை மனத்தாலும் நினையேன் என அருள்மொழி விலகி நின்றதாகப் புகழ்கிறது. அது பெருந்தன்மையா, வேறு வழியின்மையா? செப்பேடு பதில் சொல்லாது. வென்றவர்களின் குடும்பப் பெருமையைப் பாட எழுதப்பட்டது அது.

கல்கி இந்த வழக்கில் எப்பக்கம் நின்றார்? 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்த தொடர் அது. வாரந்தோறும் ஒரு முடிச்சு தேவைப்பட்டது. ஆனால் அவர் கண்ட தீர்வு வெறும் விறுவிறுப்புக்காக ஏற்பட்டதல்ல. ஒரே மதுராந்தகனை அவர் இருவராக்கினார். பேராசையும் கோழைத்தனமும் கொண்டவனை அரண்மனையில் வளர்ந்த போலியாக்கி, உண்மையான இளவரசனை நந்தவனத்தில் பூப்பறிக்கும் சேந்தன் அமுதனாக்கினார். ஐயம் போலிமீது விழ, பட்டம் அமுதனுக்குச் சென்றது. சாஸ்திரியார் குற்றம் சாட்டிய உத்தமன் கதைக்குள் விடுதலை பெற்றான். கொலை நிகழும் அறையிலோ, விளக்கணைந்த இருளில் கத்தி யாருடையது என்பதை அவர் உறுதியாகச் சொல்லவேயில்லை. சான்று முடிகிற இடத்தில் தம் விளக்கையும் அணைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணம் உண்டு. 2003இல் வெளிவந்த டான் பிரவுனின் 'டாவின்சி கோட்' தன் முதற்பக்கத்திலேயே சிலவற்றை உண்மை என அறிவித்துக்கொண்டு தொடங்கும். பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது என அது சொன்ன 'சீயோன் மடம்' உண்மையில் பியர் பிளான்தார் என்பவரும் நண்பர்களும் 1956இல் பிரான்சில் பதிவு செய்த ஒரு சங்கம். அதன் பழம்பெருமைக்கான ஆவணங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டு தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டவை. 2006இல் அந்நாவலின் திரைப்படத்துக்குத் தமிழக அரசு தடை விதித்ததும், சென்னை உயர்நீதிமன்றம் அதை நீக்கியதும் நினைவிருக்கலாம். ஒரு புனைவைத் தடை செய்வதால் வரலாறு காப்பாற்றப்படுவதில்லை. எது சான்று, எது புனைவு எனப் பிரித்துக் காணப் பழகிய வாசகன்தான் அதற்குக் காவல்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் அழகர்மலைத் தொடர், இடையே மாந்தோப்புகள். இந்த நிலப்பகுதியில் 1755 மே மாத இறுதியில் ஒரு தாக்குதல் நடந்தது. கர்னல் ஹெரான் என்ற கம்பெனி அதிகாரி ஆற்காட்டு நவாபுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரிவசூலுக்குப் படை நடத்திச் சென்றான். வழியில் கோவில்குடி என்னும் ஊரின் கோயிலைத் தாக்கி அங்கிருந்த தெய்வத் திருமேனிகளைக் கவர்ந்தான். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அப்படையை மறித்துத் தாக்கித் திருமேனிகளை மீட்டனர். ஹெரான் பின்னர் சென்னையில் இராணுவ விசாரணைக்கு உட்படுத்தப்பட்டுப் பதவி நீக்கப்பட்டான்.

ஒரு விறுவிறுப்பான நாவலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இந்நிகழ்ச்சியை விரிவாக நமக்குச் சொல்பவர் இராபர்ட் ஓர்ம். கம்பெனியைச் சேர்ந்தவர், கம்பெனியின் போர்களை எழுதியவர். புதரில் காத்திருந்தவன் என்ன நினைத்தான், மீட்ட திருமேனியைத் தோளில் சுமந்தவன் யார், அன்று விழுந்தவர்களின் பெயர்கள் என்ன? அவர் ஏட்டில் இவற்றுக்கு இடமில்லை. இந்த மௌனத்தில் நாவலாசிரியன் நுழையத்தான் வேண்டும். எனினும் அவன் சூட்டும் பெயர் நாளை எங்கள் ஊரில் ஒரு வம்சத்தின் பெருமையாகவும் இன்னொரு வம்சத்தின் பழியாகவும் மாறிவிடக்கூடும். நாவலைச் சான்றாகக் காட்டிச் சாதி பேசுபவர்களை நாம் பார்க்காதவர்கள் அல்லவே.

அந்த மாலை நண்பரிடம் உடையார்குடிக் கல்வெட்டின் இன்னொரு பகுதியைப் பற்றிச் சொன்னேன். உடைமை இழந்தவர்கள் துரோகிகள் மட்டுமல்லர். அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவியர், அவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், அவர்களிடம் பெண் எடுத்தவர்கள் என்று ஆணை நீண்டுகொண்டே போகிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டது. அதில் பிறகு பிறந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்கள் எங்கே போனார்கள்?" என்றார்.

கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டாவது கேள்வியை எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டு அன்றுதான் கேட்டேன். அதற்குக் கல்வெட்டிலும் விடையில்லை, நாவலிலும் இல்லை. ஆயினும் கல்வெட்டைத் தேடிப் போகும் ஆவலை எங்களுக்கு உண்டாக்கியது அந்த நாவல்தான் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.